விளம்பரத்தில் 4 இரவு, காரைக்குடியிலிருந்து 11 நாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மணிவிழா முடிந்த கையோடு அப்பச்சியையும் (அப்பா) ஆத்தாவையும் (அம்மா) சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் அனுப்பிவைக்கும் ஆசை காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போது நிறைய இருக்கிறது. நல்ல ஆசை. ரஜூலா கப்பலிலும், அதற்குப் பின் 1985 வரை எம்.வி. சிதம்பரம் கப்பலிலும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்களின் வாரிசுகள், அதே மலாக்கா நீரிணையில் ஓய்வுக்காகப் போய்வருவதில் ஒரு நிறைவும் இருக்கிறது. ஆனால் நாளிதழ்களில் வரும் ‘4 இரவு, தம்பதி சலுகை’ விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முதலில் கப்பலுக்குப் பணம் கட்டுகிறார்கள். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறவர்கள் என்ற முறையில், இதை முறையாகச் செய்வது எப்படி என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் நாள் கணக்கு. கப்பல் ஞாயிறு மாலை சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு வியாழன் காலை திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு காலை விமானத்தில் இறங்கி அன்றே கப்பல் ஏறுவது சரிப்படாது. கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பே ஆள் ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது, கட்டிய பணமும் திரும்பாது. ஆகவே சனிக்கிழமை இரவு சிங்கப்பூரில் தங்கியாக வேண்டும். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 90 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 2 மணி நேரம். சர்வதேசப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும், பறக்கும் நேரம் 4 மணி, சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. இதற்கே ஒரு முழு நாள் போய்விடும். திரும்பும்போது கப்பல் காலை 7, 8 மணிக்குக் கரை சேர்ந்தாலும், பெட்டி எடுத்து, குடிநுழைவு முடித்து வெளியே வரப் பத்து, பதினொன்று ஆகலாம். பிற்பகல் 3 மணிக்கு முந்திய விமானம் எடுக்க வேண்டாம். ஆகக் கூடுதலாக எதுவும் சேர்க்காமலே 4 இரவு என்பது வீட்டுக் கணக்கில் 6 அல்லது 7 நாள்.

அடுத்தது பினாங்கு. சிங்கப்பூரிலிருந்து போகும் குறுகிய கப்பல் பயணங்கள் பலவற்றில் பினாங்கு ஒரு துறைமுகம். கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் நிற்கும். இறங்கினால் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். ஆனால் கரையில் கிடைப்பது பெரும்பாலும் ஆறு முதல் எட்டு மணி நேரம். அதில் இறங்கும் வரிசைக்கு ஒரு மணி, திரும்பி ஏற ஒரு மணி போய்விடும். வாட்டர்ஃபால் சாலையில் 1857இல் எழுந்த நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்ச் சேர்கிற வேளை உச்சிப் பொழுதானால் நடை சாத்தியிருக்கும். முப்பாட்டன் காலத்துக் கிட்டங்கி (வணிகக் கூடம்) இருந்த பினாங்கு வீதியை நின்று பார்க்கவும் நேரம் இருக்காது. வீட்டில் பெரியவர்கள், ‘அவ்வளவு தூரம் போயிட்டுத் தண்ணீர்மலையானை நின்னு கும்பிடாம வர்றதா?’ என்று பினாங்கு முருகனைச் சொல்லிக் கேட்பது நியாயம். பயணம் நீள்வது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

நீள்வதில் தவறில்லை. துண்டு துண்டாக நீள்வதுதான் பணத்தைத் தின்கிறது. கப்பலுக்குப் பணம் கட்டி, போக வர விமான டிக்கெட்டும் எடுத்து முடித்தபின் பினாங்கில் 3 நாள் சேர்க்கலாம் என்றால், மலிவு விமான டிக்கெட்டுகளை மாற்ற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழிக்கும் மாற்றுக் கட்டணம், அதற்கு மேல் கட்டண வித்தியாசம். பயணக் காப்பீட்டின் தேதி பழைய தேதியிலேயே நிற்கும். ‘பினாங்கில் கப்பல் நிற்கும்போது அங்கேயே இறங்கித் தங்கிவிட்டு வருகிறோம்’ என்றும் கேட்கிறார்கள். அப்படி நினைத்த இடத்தில் இறங்க முடியாது. கப்பல் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், பல பயணங்களில் அது கிடைப்பதில்லை, விட்ட நாட்களுக்குப் பணமும் வராது.

எனவே விடுமுறை மொத்தம் எத்தனை நாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், கப்பலை அதற்குள் பொருத்துங்கள். தரைப் பயணத்தை முன்னாலும் கப்பலைக் கடைசியிலும் வைக்கச் சொல்கிறோம். காரணம் இரண்டு. வழியில் ஏதாவது தாமதமானால் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு கப்பலைப் பிடித்துவிடலாம். அடுத்து, அறுபது கடந்தவர்களுக்குப் பெட்டி தூக்கி ஊர் ஊராக மாறும் அலைச்சல் முதலில் முடிந்து, ஒரே அறையில் இருக்கும் ஓய்வு கடைசியில் வருவது உடம்புக்கு நல்லது.

உதாரணத்துக்கு ஒரு திட்டம்: திங்கட்கிழமை திருச்சியிலிருந்து கோலாலம்பூர். செவ்வாய் பத்துமலை. குகைக்கு 272 படி உண்டு. ஏற முடியாதவர்கள் அடிவாரத்தில் முருகனின் பெரிய சிலையோடு திரும்பிவிடலாம். புதன் காலை கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் என்ற விரைவு மின்ரயிலில் பட்டர்வொர்த், நாலு நாலரை மணி நேரம். ரயிலடியிலிருந்து நடந்தே படகுத்துறை, படகில் கால் மணி நேரத்தில் ஜார்ஜ்டவுன். பள்ளி விடுமுறையிலும் பண்டிகை நாட்களிலும் அந்த ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். புதன், வியாழன் இரவு பினாங்கில். நகரத்தார் கோயில் சாலையோரத்தில் இருக்கிறது, முட்டி வலி உள்ளவர்களும் போகலாம். மலை மேலுள்ள முருகன் கோயிலுக்கு 500க்கு மேற்பட்ட படி, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெள்ளி பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி நேர விமானம். சனி டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில், 1859இல் எழுந்தது. ஞாயிறு கப்பல், வியாழன் திருச்சி விமானம். திங்கள் முதல் அடுத்த வியாழன் வரை 11 நாள். விமான டிக்கெட்டைப் போக வர ஒரே ஊருக்கு எடுக்காமல், போகும்போது கோலாலம்பூர், திரும்பும்போது சிங்கப்பூர் என்று எடுத்தால் வந்த வழியே திரும்பும் செலவும் ஒரு நாளும் மிச்சம்.

இப்படி முடிவானால் கப்பலின் தேர்வே மாறும். பினாங்கில் 2 இரவு தங்கிவிட்டு வருகிறவர்கள் மறுபடி பினாங்கில் நிற்கும் கப்பலுக்கு ஏன் பணம் தர வேண்டும்? தாய்லாந்தின் புக்கெட் மட்டும் போகும் கப்பலோ, கடலிலேயே கழிகிற நாள் கூடுதலாக உள்ள கப்பலோ எடுக்கலாம். விலைப்பட்டியலுக்கு முன் துறைமுகப் பட்டியலைப் பாருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். புக்கெட்டிலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்தோங் கடற்கரைப் பக்கம் கப்பல் நங்கூரமிட்டால், சிறு படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கம் அலை அதிகம். படகு ஆடும்போது படியில் கால் வைத்து மாறுவது பெரியவர்களுக்குச் சிரமம், அலை மிஞ்சினால் இறக்குவதையே ரத்து செய்துவிடுவார்கள். நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும்.

அந்த மாதங்களுக்குள் நம் ஊர்க் காலண்டரையும் பார்த்தாக வேண்டும். கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பன்று கடலில் இருக்கும்படி தேதி எடுக்காதீர்கள். கப்பலில் தீதான் பெரிய பயம். அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவத்தி எதற்கும் அனுமதி கிடையாது. நோன்புக்கு மாவில் திரி ஏற்றிச் சுடரோடு இழை எடுத்துக்கொள்வது அங்கே நடக்காது. தைப்பூச வாரத்தில் பினாங்கு போக நினைப்பவர்கள் வெள்ளி ரதத்தைப் பார்க்கலாம், ஆனால் அறை வாடகை ஏறியிருக்கும், பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

இனி ஆவணங்கள். பாஸ்போர்ட் பயணம் முடியும் நாளிலிருந்து இன்னும் 6 மாதமாவது செல்ல வேண்டும். சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா கட்டாயம், அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். கையில் கிடைத்தவுடன் அது பலமுறை நுழைவு விசாதானா என்று படித்துப் பாருங்கள். கப்பல் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறுகிறீர்கள், திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு மட்டும் இருந்தால் கப்பல் முனையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், வருவதற்கு முந்திய 3 நாட்களுக்குள். விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது இன்னொன்று. இது இலவசம். அரசுத் தளம் போலத் தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்கள் உண்டு, ஏமாற வேண்டாம். மலேசியாவுக்கு இந்தியர்கள் 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா இல்லாமல் போகலாம், ஆனால் அவர்களுடைய மின்னணு வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுவதால், பணம் கட்டும் வாரத்தில் ஒருமுறையும் கிளம்பும் வாரத்தில் ஒருமுறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காத ஆச்சிமார் சிலரின் பாஸ்போர்ட்டில், சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும் என்ற ‘இசிஆர்’ குறிப்பு இருக்கலாம். மலேசியாவும் தாய்லாந்தும் அந்த நாடுகளின் பட்டியலில் உள்ளவை. வேலைக்காக அல்லாமல் சுற்றுலாவாகப் போனால் தனி அனுமதி தேவையில்லை. திருச்சியில் கேட்டால் காட்ட, திரும்பும் டிக்கெட், கப்பல் பதிவு, விடுதிப் பதிவு மூன்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் அந்த நேரத்தில் சார்ஜ் இறங்கிவிடும்.

பெயர்தான் நம் பக்கத்தில் அதிகம் கெடுவது. பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ வரி காலியாக இருக்கும், ‘கிவன் நேம்’ வரியில் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்திருக்கும். அமெரிக்காவில் இருக்கும் மகன் கப்பலுக்குப் பதியும்போது குடும்பப் பெயர் கேட்கிறதே என்று ‘செட்டியார்’ என்று போட்டுவிடுகிறார். ஆத்தாவின் பெயரை வீட்டில் கூப்பிடும்படி ‘மீனா’ என்று எழுதுகிறார், பாஸ்போர்ட்டிலோ ‘மீனாட்சி’. விமானம், விசா, கப்பல் மூன்றிலும் பாஸ்போர்ட்டின் கீழே இரண்டு வரியில் அம்புக்குறிகளோடு இருக்கும் எழுத்துகளைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும். சர்நேம் இல்லாதவர்களுக்கு என்ன போடுவது என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை. சிலர் பெயரையே இரண்டு முறை போடச் சொல்வார்கள், சிலர் வேறு குறியீடு சொல்வார்கள். பதிவதற்கு முன்பே கேளுங்கள். எழுத்துப் பிழையைக் கப்பல் நிறுவனங்கள் ஒரு தேதி வரை திருத்தித் தரும், அதற்குப் பின் ஆள் மாற்றமாகக் கருதுவார்கள்.

கட்டணம் தலைக்கு இவ்வளவு என்பது, ஒரு அறையில் இருவர் தங்கும் கணக்கில். ‘இரண்டாமவருக்குப் பாதி’ என்றால் இருவருக்கும் சேர்த்துக் கால் பங்குதான் தள்ளுபடி. துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. பணிக்கொடை (கப்பல் ஊழியர்களுக்கான ‘டிப்ஸ்’) என்று ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். 4 இரவுக்குத் தம்பதிக்கு 128 முதல் 160 டாலர். இணைய வசதி, சிறப்பு உணவகம், கரைச் சுற்றுலா எல்லாம் மேலே. கரைச் சுற்றுலாவைக் கப்பலிலேயே எடுத்தால் விலை கூடுதல், ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாக டாக்சியில் போய்த் தாமதமானால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போக வேண்டும். மொத்தச் சுற்றுலாவாக வாங்கினால் டிசிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடியது, ரசீதில் பான் எண் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

அறையைப் பற்றிச் சுருக்கமாக: ஆட்டம் குறைவாக இருப்பது கப்பலின் நடுவில், கீழ்த்தளங்களில். மேல்தளத்தில் முன்பக்கத்துப் பால்கனி அறைக்கு அதிகம் கொடுத்துவிட்டுத் தலைசுற்றலோடு படுத்திருப்பதில் பயனில்லை. தம்பதிப் பயணம் என்று தொடங்கியது ஆச்சி, அண்ணன், சம்பந்தி வீடு என்று ஆளிலும் பெருகும். அப்போது ‘கேரண்டி’ என்ற மலிவு அறை எடுக்காதீர்கள். அறை எண்ணை நிறுவனமே கடைசியில் ஒதுக்கும், ஒருவர் ஆறாம் தளத்திலும் ஒருவர் பதினொன்றிலும் கிடப்பார்கள். பதிவு எண்களை ஒன்றோடொன்று இணைக்கச் சொன்னால்தான் சாப்பாட்டு மேசையும் ஒன்றாக வரும். சைவம், வெங்காயம் பூண்டு இல்லாதது, சர்க்கரைக்கான உணவு எதுவானாலும் பதியும்போதே எழுத்தில் கொடுங்கள், ஏறிய முதல் நாள் மாலை உணவகப் பொறுப்பாளரிடம் நேரிலும் ஒருமுறை சொல்லுங்கள்.

பெட்டி கட்டும்போது ஒன்றை மறக்கவே கூடாது. கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். நம் வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். வாயில் போடும் புகையிலையும் கூடாது, வெற்றிலைச் செல்லத்தோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் செய்த சீடையும் அதிரசமும் பினாங்கில் தீர்ந்துவிட வேண்டும், கப்பலில் வீட்டுப் பலகாரத்தை அநேகமாக அனுமதிப்பதில்லை. இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி இரண்டையும் கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் திருப்பிக் கொடுப்பார்கள்.

மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். முனையத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகலாம், இன்சுலின் அதுவரை காத்திருக்காது. தூக்க மாத்திரை, கோடீன் உள்ள இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை இருந்தால் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவைப்படலாம், மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள். கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தும் துணி, பாஸ்போர்ட், பல் செட், காலை மாத்திரை எல்லாம் வெளியே எடுத்துவைத்த பிறகே பூட்டுங்கள். கடலில் கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் கப்பலின் கோபுரம் வழியாக ரோமிங் ஓடும், பில் வீடு வந்தபின்தான் தெரியும். சிங்கப்பூரில் மரினா பே, ஹார்பர்ஃபிரண்ட் என இரண்டு கப்பல் முனையங்கள் இருக்கின்றன. டாக்சியில் ஏறும் முன் டிக்கெட்டில் எது என்று பாருங்கள்.

காப்பீடு 11 நாளுக்கும் இருக்க வேண்டும், கப்பலில் இருக்கும் 4 இரவுக்கு மட்டும் அல்ல. கப்பல் பயணம், அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவு, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றும் அதில் அடங்குமா என்று பாலிசி வாசகத்தில் பாருங்கள், விற்பவர் வாய்ச்சொல்லில் வேண்டாம். கப்பல் மருத்துவர் டாலரில் பில் போடுவார், அதை நாம் முதலில் கட்டிவிட்டுத்தான் பின்னால் கேட்டு வாங்க வேண்டும். பழைய நோயை மறைத்து எடுத்த பாலிசி அந்த நேரத்தில் கைகொடுக்காது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கப்பல் சுற்றுலா விளம்பரங்களை வெளியிடும்போது புறப்படும் துறைமுகம், துறைமுக வரியும் பணிக்கொடையும் சேர்ந்த மொத்தத் தொகை, எந்தத் தேதிக்குப் பின் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற மூன்றையும் விலை அச்சாகும் அதே அளவு எழுத்தில் போடும்படி விளம்பரதாரர்களைக் கேளுங்கள். திருச்சியிலிருந்து போய்வர மொத்தம் எத்தனை நாள் என்ற ஒரு வரியும் சேர்ந்தால், முன்பணம் கட்டும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டாளர்கள் சிலர்,
காரைக்குடி